அம்மாவுக்கு வந்தது காக்காய் வலிப்பா, ஊசி மருந்தால் வந்ததா?

திண்டுக்கல் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். நீளமான கடிதம், அதில் தேவையான பகுதி மட்டும் இங்கே:

"அம்மாவுக்கு 71 வயது, எடை 48 கிலோ. இருபது வருடமாக சுகர். இரண்டு மாதத்துக்கு முன் நீர்க்கடுப்பும் குளிர்காய்ச்சலும் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சிறுநீரில் கிருமி என்று செஃபிபைம் ஊசி போட்டார்கள். இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிட்டது. ஆனால் மூன்றாம் நாள் சாயங்காலம் அம்மா ஒரு மாதிரி பேச ஆரம்பித்தார். என்னை சித்தி பெயர் சொல்லிக் கூப்பிட்டார், போர்வையை மடிப்பதும் பிரிப்பதுமாகவே இருந்தார். நர்ஸிடம் சொன்னேன், வயசானவங்க இடம் மாறினா இப்படித்தான் என்றார். மறுநாள் ராத்திரி முகமும் தோளும் வெட்டி வெட்டி இழுத்தது. அதற்கடுத்த விடியற்காலை ஃபிட்ஸே வந்துவிட்டது. சி.டி., எம்.ஆர்.ஐ. இரண்டும் நார்மல். இ.இ.ஜி. எடுத்துப் பார்த்த நரம்பு டாக்டர் அந்த ஊசியை நிறுத்தச் சொன்னார். இரண்டு நாளில் அம்மா பழையபடி ஆகிவிட்டார். இப்போது வலிப்புக்கு லெவெட்டிராசிட்டம் 500 காலையும் இரவும் சாப்பிடுகிறார், பகலெல்லாம் தூங்குகிறார். இது காக்காய் வலிப்பா? மாத்திரையை ஆயுசுக்கும் சாப்பிட வேண்டுமா? இனி ஆன்டிபயாடிக்கே கொடுக்கக் கூடாது என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள், நானும் எல்லாச் சீட்டிலும் 'செஃபிபைம் வகை அலர்ஜி' என்று எழுதச் சொல்லிவிட்டேன், சரிதானா? என் தம்பிக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு, வால்ப்ரோயேட் சாப்பிடுகிறான், அவனுக்கும் இதே ஆபத்து உண்டா? டாக்டர் தப்பு செய்துவிட்டாரா? அடுத்த மாதம் அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் வேறு இருக்கிறது."

டிஸ்சார்ஜ் சம்மரியின் படத்தையும் இணைத்திருக்கிறார். நல்ல வேலை செய்தார், பாதிப் பதில் அதில்தான் இருக்கிறது.

அன்புச் சகோதரி,

அம்மா தேறி வீட்டுக்கு வந்துவிட்டார் என்று படித்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. முதல் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதை நினைத்துத்தான் நீங்கள் ராத்திரி தூங்காமல் இருப்பது கடிதத்தில் தெரிகிறது. உங்கள் அம்மாவுக்கு வந்தது காக்காய் வலிப்பு நோய் இல்லை. வலிப்பு நோய் என்று நாங்கள் முத்திரை குத்துவதற்கு, உடனடிக் காரணம் எதுவும் இல்லாமல் தானாகவே வலிப்பு வர வேண்டும், பொதுவாக ஒரு நாளுக்கு மேல் இடைவெளி விட்டு இரண்டு தடவையாவது, அல்லது ஒரு தடவை வந்து மறுபடி வரும் வாய்ப்பு மிக அதிகம் என்று பரிசோதனைகள் காட்ட வேண்டும். உடம்பில் சோடியம் குறைந்தோ, சுகர் தாழ்ந்தோ, மருந்து மிகுந்தோ வருகிற வலிப்பு அந்தக் கணக்கில் சேராது. காரணம் போனால் அதுவும் போய்விடும். உங்கள் அம்மாவுக்குப் போய்விட்டது.

சரி, கிருமியைக் கொல்லும் மருந்து மூளையை ஏன் தொட வேண்டும்?

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமே இல்லை. பெனிசிலின் புழக்கத்துக்கு வந்த சில வருடங்களிலேயே, 1945-இல், பெனிசிலினை மூளையின் மேற்பரப்பில் நேரடியாகப் பட வைத்தால் வலிப்பு வருகிறது என்று வாக்கர், ஜான்சன் என்ற மருத்துவர்கள் எழுதிவிட்டார்கள். அதற்குப் பிறகு பல பத்தாண்டுகளாக, வலிப்பு எப்படி உண்டாகிறது என்று ஆராய விலங்குகளின் மூளையில் வலிப்பை வரவழைக்க ஆய்வுக்கூடங்களில் பெனிசிலினையே பயன்படுத்தினார்கள். நம் மூளையில் நரம்புகள் கட்டுமீறிப் போகாமல் அடக்கி வைக்க காபா என்று ஒரு ரசாயனம் இருக்கிறது. பெனிசிலின், அதன் உறவுக்காரர்களான செஃபலோஸ்போரின்கள், கார்பாபெனெம்கள் எல்லாவற்றுக்கும் பீட்டா-லாக்டம் என்ற ஒரே மாதிரியான வளையம் உண்டு. இந்த மருந்துகள் மூளைக்குள் அளவுக்கு மீறிச் சேர்ந்தால் காபா போய் உட்கார வேண்டிய இடத்தில் அதன் வேலையைக் கெடுக்கின்றன. அடக்குகிற கை தளர்ந்தால் நரம்புகள் துள்ள ஆரம்பிக்கும், முதலில் குழப்பம், அப்புறம் தசை வெட்டு, கடைசியில் வலிப்பு.

"அளவுக்கு மீறி" என்பதைக் கவனியுங்கள். உங்கள் அம்மாவுக்கு டோஸ் எழுதியவர் தடித்தனமாக அள்ளிக் கொடுக்கவில்லை. 2 கிராம், 12 மணி நேரத்துக்கு ஒரு தடவை, கடுமையான சிறுநீர்த் தொற்றுக்கு அது புத்தகத்தில் இருக்கிற டோஸ்தான். ஆனால் அது கிட்னி நன்றாக வேலை செய்கிறவர்களுக்கு. செஃபிபைமில் நூற்றுக்கு 85 பங்கு உருமாறாமல் அப்படியே சிறுநீரில்தான் வெளியே போகும். கிட்னி சரியாக இருந்தால் இரத்தத்தில் இருக்கிற மருந்து பாதியாகக் குறைய சுமார் 2 மணி நேரம் ஆகும், டயாலிசிஸ் செய்யும் நிலையில் உள்ளவர்களுக்கு 13 மணி நேரத்துக்கும் மேல். குழாயை அதே வேகத்தில் திறந்துவிட்டுத் தொட்டியின் அடி ஓட்டையை முக்கால்வாசி அடைத்துவிட்டால் என்ன ஆகும்? நாலைந்து வேளையில் வழியும். அதனால்தான் முதல் நாளே வராமல் நாலாவது நாள் வாக்கில் வருகிறது. செஃபிபைம் பாதிப்பில் இதுதான் வழக்கமான காலக்கணக்கு. நிறுத்தினால் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் தெளியும். உங்கள் அம்மாவின் கதை அந்தக் கணக்கோடு அச்சு அசலாகப் பொருந்துகிறது.

சம்மரியில் சேர்த்த அன்று கிரியாட்டினின் 1.9 என்று இருக்கிறது. கிட்னி வடிகட்டி வெளியே அனுப்ப வேண்டிய ஒரு கழிவு அது, கிட்னி சோர்ந்தால் இரத்தத்தில் ஏறும். இந்த எண்ணைப் பார்த்து யாருக்கும் பதற்றம் வராது, "கொஞ்சம் கூடுதல்" என்று கடந்துவிடுவார்கள். ஆனால் கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. 48 கிலோ எடையுள்ள 71 வயதுப் பெண்ணின் உடம்பில் தசையே குறைவு, கிரியாட்டினின் உற்பத்தியும் குறைவு, அப்படி இருந்தும் 1.9 என்றால் கிட்னி மிகவும் சோர்ந்திருக்கிறது என்று அர்த்தம். கிட்னி நிமிடத்துக்கு எவ்வளவு இரத்தத்தைச் சுத்தம் செய்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 140-இலிருந்து வயதைக் கழியுங்கள், 69. எடையால் பெருக்கினால் 3,312. அதை 72 பெருக்கல் 1.9, அதாவது 136.8-ஆல் வகுத்தால் 24. பெண் என்பதால் 0.85-ஆல் பெருக்க வேண்டும், ஏறக்குறைய 20 வருகிறது. நிமிடத்துக்கு 20 மில்லி. இளம் வயதில் நல்ல கிட்னிக்கு இது 100-ஐ ஒட்டி இருக்கும். செஃபிபைமுக்கு 60-க்குக் கீழே போனாலே டோஸைக் குறைக்க வேண்டும், 20-இல் இருப்பவருக்கு அந்த 2 கிராம் இரண்டு வேளை என்பது 1 கிராம் ஒரே வேளை ஆக வேண்டும். ஆக அம்மாவுக்கு ஒரு நாளைக்குப் போனது அவர் கிட்னி தாங்கக்கூடியதைப் போல நாலு மடங்கு.

உடனே "அப்போ டாக்டர் தப்புதானே" என்பீர்கள். அதில் நான் இரண்டு பக்கமும் சொல்ல வேண்டும். குளிர்காய்ச்சலோடு, கிருமி இரத்தத்தில் கலந்துவிடுமோ என்ற நிலையில் வருகிறவருக்கு முதல் நாள் முழு டோஸ் கொடுப்பது சரியான முடிவு. அந்த நேரத்தில் மருந்து குறைந்தால் ஆள் போய்விடலாம், தவிர தொற்றால் திடீரென்று சோர்ந்த கிட்னி ஓரிரு நாளில் எழுந்துவிடுவதும் உண்டு, அப்போது குறைத்த டோஸ் போதாமல் போகும். அது வரைக்கும் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டாம் நாள், மூன்றாம் நாள் கிரியாட்டினினை மறுபடி பார்த்து டோஸை மாற்றியிருக்க வேண்டும், சம்மரியில் ஐந்தாம் நாள்வரை மறு பரிசோதனையே இல்லை. அது தவறுதான், அதை நான் மழுப்ப மாட்டேன். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2012 ஜூனில் இதே மருந்தைப் பற்றி, கிட்னி பாதித்தவர்களுக்கு டோஸைக் குறைக்காமல் கொடுத்தால் வெளியே தெரியாத தொடர் வலிப்பு வருகிறது என்று தனி எச்சரிக்கையே வெளியிட்டது. நாலாவது ஆளாக நின்று நான் யாரையும் கோர்ட்டுக்கு இழுக்கச் சொல்லவில்லை. அந்த டாக்டரையே நேரில் பார்த்து, "இப்படி ஆகிவிட்டது, ஏன் என்று சொல்லுங்கள்" என்று கேளுங்கள், கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. இந்தப் பக்கவிளைவை நீங்களே அரசுக்குத் தெரிவிக்கவும் முடியும், இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் இலவச எண் 1800-180-3024. ஒவ்வொரு புகாராகச் சேர்ந்துதான் மருந்து எச்சரிக்கைகள் உருவாகின்றன.

நான் உங்கள் கடிதத்தில் திரும்பத் திரும்பப் படித்த வரி வேறு. மூன்றாம் நாள் சாயங்காலம், சித்தி பெயர், போர்வை.

"வெளியே தெரியாத வலிப்பு" என்று மேலே சொன்னேன் அல்லவா, அது இப்படித்தான் இருக்கும். கை கால் இழுக்காது, நுரை தள்ளாது, கண் திறந்திருக்கும், ஆள் பேசுவதுபோல இருக்கும், ஆனால் பேச்சு ஒட்டாது. அது வெறும் மருந்துக் குழப்பமா, மூளைக்குள் ஓடிக்கொண்டிருக்கும் வலிப்பா என்று, மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. வைத்துப் பார்த்தால்தான் தெரியும். பயிற்சிக் காலத்தில் நானும் இதைத் தவறவிட்டிருக்கிறேன். டயாலிசிஸ் செய்துகொண்டிருந்த ஒரு பெரியவர் வாய் குழறினார், பக்கவாதம் என்று முடிவு கட்டி இரண்டு ஸ்கேன் எடுத்தோம், அவர் மனைவி "ஊசி போட ஆரம்பிச்சதுக்கப்புறம்தான் தம்பி" என்று ஒவ்வொரு ரவுண்ட்ஸிலும் சொன்னார், மூன்றாவது நாள்தான் எங்கள் சீனியர் அந்தம்மா சொன்னதைக் காதில் வாங்கினார். அன்றிலிருந்து, கூட இருப்பவர் "இவங்க இப்படி இல்லைங்க" என்று சொன்னால் நான் நின்று கேட்பேன். உங்கள் அம்மா எப்படிப் பேசுவார் என்பது வார்டில் இருக்கிற யாருக்கும் தெரியாது, உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

வயதானவர்களுக்கு ஆஸ்பத்திரியில் குழப்பம் வர வேறு காரணங்களும் உண்டு, நர்ஸ் சொன்னது முழுப் பொய் இல்லை. தொற்றே மூளையைக் குழப்பும். சோடியம் குறையும். சுகர் மாத்திரை சாப்பிடுகிறவர் சாப்பாடு இறங்காமல் கிடந்தால் சுகர் தாழும், கிட்னி சோர்ந்தால் கிளிமிபிரைடு மாதிரி மாத்திரைகளின் வேலை நீண்டு இன்னும் தாழும், அதனால் குழப்பமோ வலிப்போ வந்தால் முதலில் விரலில் குத்தி சுகர் பார்க்க வேண்டும். ஆனால் தொற்றால் வந்த குழப்பம் பெரும்பாலும் காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது வரும், தொற்று அடங்க அடங்கத் தெளியத் தொடங்கும். உங்கள் அம்மாவுக்குக் காய்ச்சல் இறங்கிய பிறகு குழப்பம் ஏறியது. அந்தத் தலைகீழ்தான் மருந்தைச் சந்தேகிக்க வைத்திருக்க வேண்டிய தடயம். இனி எப்போதாவது இப்படி ஆனால் "ஒரு மாதிரி இருக்காங்க" என்பதோடு நிறுத்தாமல், "ஊசி ஆரம்பித்து மூன்றாம் நாள், காய்ச்சல் இல்லை, ஆனால் ஆள் அடையாளம் தெரியவில்லை, கிரியாட்டினின் இன்று எவ்வளவு, இந்த டோஸ் கிட்னிக்கு ஏற்றதா" என்று டியூட்டி டாக்டரிடம் கேளுங்கள். நர்ஸ் அல்ல, டாக்டர்.

அப்புறம் அந்த அலர்ஜி விஷயம். தயவுசெய்து அந்த வார்த்தையை எடுக்கச் சொல்லுங்கள். அலர்ஜி என்றால் ஒரு துளி உள்ளே போனாலும் உடம்பு எதிர்த்து எழுவது, தடிப்பு, மூச்சுத்திணறல், இரத்த அழுத்தம் விழுவது. அம்மாவுக்கு வந்தது அளவு மிகுந்ததால் வந்த நச்சு. இரண்டையும் ஒன்றாக எழுதிவிட்டால், அடுத்த தடவை நிமோனியாவோ சர்க்கரைப் புண்ணோ வந்து அவசரத்தில் சேர்க்கும்போது, சீட்டைப் பார்க்கிற டாக்டர் பெனிசிலின், செஃபலோஸ்போரின் குடும்பத்தையே ஒதுக்கிவிட்டு, கிட்னிக்கு இன்னும் கெடுதலான அல்லது பலன் குறைந்த மருந்துக்குப் போக நேரிடும். அதற்குப் பதில் இப்படி எழுதச் சொல்லுங்கள்: "செஃபிபைம்: கிட்னி செயல்பாடு குறைந்திருந்தபோது முழு டோஸில் குழப்பமும் வலிப்பும் வந்தது, நிறுத்தியதும் சரியானது. அலர்ஜி இல்லை." அதற்குக் கீழே கடைசியாகப் பார்த்த கிரியாட்டினின், தேதி, எடை. இந்த ஒரு தாளை பிளாஸ்டிக் உறையில் போட்டு அம்மாவின் பையிலேயே வையுங்கள், போனிலும் படம் எடுத்து வையுங்கள்.

சொந்தக்காரர்கள் சொல்கிற மாதிரி ஆன்டிபயாடிக்கே வேண்டாம் என்று இருந்தால், வலிப்பைவிடப் பெரிய ஆபத்து வரும். சுகர் உள்ள 71 வயதுக்காரருக்குத் தொற்றை விட்டுவைக்க முடியாது. தேவையானபோது, கிட்னி பார்த்து, அளவு பார்த்துக் கொடுக்கலாம். செஃபிபைமை மட்டும் அவருக்குத் தவிர்ப்பது நல்லது, வேறு வழி பெரும்பாலும் இருக்கும்.

நான் உண்மையிலேயே பயப்படுவது மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்குவதைத்தான். "போன தடவை நீர்க்கடுப்புக்கு இதைத்தான் கொடுத்தாங்க" என்று சிப்ரோஃப்ளாக்சசின் ஒரு அட்டை வாங்கிப் போடுகிற வழக்கம் நம் ஊரில் இருக்கிறது. சிப்ரோ வகை மருந்துகளும் காபாவின் வேலையில் குறுக்கிடும், கூடவே வலி மாத்திரை சில சேர்ந்தால் அது இன்னும் கூடும். இளைப்புக்கு டெரிபிலின் சாப்பிடுகிறவர்கள் எத்தனையோ பேர், அதில் தியோஃபிலின் இருக்கிறது, சிப்ரோ சேர்ந்தால் தியோஃபிலின் உடம்பில் உடையாமல் ஏறிக்கொண்டே போய் வலிப்பில் முடியலாம். சுகர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இதே மருந்துகள் சுகரைத் திடீரென்று தாழ்த்தவும் செய்யும். உங்கள் வீட்டில் சுகர், கிட்னி, வலிப்பு மூன்றும் இருக்கிறது. கடையில் கேட்டு வாங்குவதை முழுசாக நிறுத்திவிடுங்கள்.

இனி மாத்திரை. ஆயுசுக்கும் வேண்டியதில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். இந்த மாதிரி ஒரு காரணத்தால் வந்து, காரணம் நீங்கி, எம்.ஆர்.ஐ.யும் நார்மல் என்றால் சில வாரங்களிலோ சில மாதங்களிலோ குறைத்து நிறுத்திவிடுவோம். ஆனால் நீங்களாக நிறுத்தக் கூடாது, உங்கள் நரம்பு மருத்துவர் ஒரு முறை பார்த்து, தேவைப்பட்டால் இ.இ.ஜி. மறுபடி எடுத்து, படிப்படியாகக் குறைக்கட்டும். பகலெல்லாம் தூங்குகிறார் என்று எழுதியிருக்கிறீர்களே, லெவெட்டிராசிட்டமும் கிட்னி வழியாகத்தான் பெருமளவு வெளியேறுகிறது! சேர்த்த அன்று இருந்த கிட்னி நிலைக்கு 500 இரண்டு வேளை என்பது மேல் எல்லை. டிஸ்சார்ஜ் அன்று கிரியாட்டினின் 1.3 என்று இருக்கிறது, தேறியிருக்கிறது, ஆனாலும் முழுசாக இல்லை. தூக்கம், எரிச்சல் இரண்டும் இந்த மாத்திரையில் வருகிறவைதான். இந்த வாரமே கிரியாட்டினினை மறுபடி பார்த்து, அந்த எண்ணோடு போய் டோஸைக் குறைக்கலாமா என்று கேளுங்கள்.

தம்பி விஷயம் வேறு மாதிரி. கிட்னி நன்றாக இருந்தால் அம்மாவுக்கு வந்த ஆபத்து அவருக்கு அந்த அளவு இல்லை, ஏற்கெனவே வலிப்பு உள்ளவர் என்பதால் மருந்தைத் தேர்ந்தெடுக்கும்போது கவனம் வேண்டும், அவ்வளவுதான். ஆனால் வால்ப்ரோயேட் சாப்பிடுகிறவருக்கு ஒரு தனிப் பொறி இருக்கிறது. ஐ.சி.யூ.வில் கடுமையான தொற்றுக்குக் கொடுக்கும் மெரோபெனெம், இமிபெனெம், எர்டாபெனெம் வகை ஊசிகள் உள்ளே போனால் ஒரே நாளில் இரத்தத்தில் வால்ப்ரோயேட் பாதிக்கும் கீழே விழுந்துவிடும். வால்ப்ரோயேட் டோஸை ஏற்றினாலும் எழாது, ஊசியை நிறுத்தின பிறகும் பழைய நிலைக்கு வர ஒன்றிரண்டு வாரம் ஆகும். வருடக்கணக்காக அடங்கியிருந்த வலிப்பு அந்த இடைவெளியில் திரும்பி வரும். அந்த ஊசி தவிர்க்க முடியாதது என்றால் அந்த நாட்களுக்கு வேறு வலிப்பு மருந்தைச் சேர்த்துக் காப்பாற்றலாம், ஆனால் தம்பி வால்ப்ரோயேட் சாப்பிடுகிறார் என்பது டாக்டருக்குத் தெரிய வேண்டும். காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசினும் பல வலிப்பு மாத்திரைகளின் அளவைக் குறைக்கும். தம்பிக்கும் ஒரு தாள் எழுதி பர்ஸில் வையுங்கள். காய்ச்சல் வந்தால் மாத்திரையை வாந்தி எடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வலிப்பு உள்ளவர்களுக்குத் தொற்றுக் காலத்தில் வலிப்பு வருவதற்கு அதுவும் காய்ச்சலுமே பெரும்பாலும் காரணம், பழி மட்டும் ஆன்டிபயாடிக் மேல் போகும்.

வீட்டில் யாருக்காவது மறுபடி வலிப்பு வந்தால் இரும்புச் சாவியைக் கையில் திணிக்காதீர்கள், வாயில் கரண்டி வைக்காதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். ஒரு பக்கமாகத் திருப்பிப் படுக்க வையுங்கள், தலைக்குக் கீழே மெத்தென்று ஏதாவது வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினாலோ, நின்ற பிறகு நினைவு திரும்பாமல் அடுத்தது வந்தாலோ 108-ஐ அழையுங்கள்.

கண்புரை ஆபரேஷனைத் தள்ளிப்போட வேண்டாம். ஆபரேஷனுக்குப் பிறகு கண்ணில் விடுகிற ஆன்டிபயாடிக் சொட்டு மருந்து பெரும்பாலும் மாக்சிஃப்ளாக்சசின், அது சிப்ரோவின் குடும்பம்தான், பெயரைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள், சொட்டிலிருந்து இரத்தத்துக்குப் போவது மிகக் கொஞ்சம், மூளையைத் தொடுகிற அளவு இல்லை. சொட்டு விடாமல் இருந்து கண்ணில் கிருமி சேர்ந்தால்தான் ஆபத்து. போகும்போது அந்தத் தாளைக் கண் டாக்டரிடமும் மயக்க டாக்டரிடமும் காட்டுங்கள். கண் டாக்டர் வேறுவிதமாகச் சொல்லாத வரை லெவெட்டிராசிட்டத்தை ஆபரேஷன் அன்று காலையும் ஒரு வாய்த் தண்ணீரில் கொடுத்துவிடுங்கள், சுகர் மாத்திரையை அன்றைக்கு என்ன செய்வது என்று முந்தின நாளே கேட்டுக்கொள்ளுங்கள். கிரியாட்டினின் முடிவு வந்ததும் எனக்கும் எழுதுங்கள், 1.3-இலிருந்து இறங்கியிருக்கிறதா என்று எனக்குத் தெரிய வேண்டும்.